ஸ்பெஷல் எடிஷன் கார்: நம் பக்கம் எது வரும், எது வராது? (வாசகர் கேள்வி-பதில்)

ஜப்பானில் சுஸுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் ஃபைனல் எடிஷன் விட்டார்களே, காரைக்குடி ஷோரூமில் சொல்லி வரவழைக்க முடியுமா? (கோட்டையூர்)

முடியாது. அது ஜப்பான் சந்தைக்கு மட்டும் போட்டது. சாதாரண ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டே இந்தியாவில் விற்பனைக்கு வந்ததில்லை. இங்கே ஷோரூமில் 'லிமிடெட் எடிஷன்' என்று தருவது பெரும்பாலும் ஸ்டிக்கர், ஸ்பாய்லர், சீட் கவர் அடங்கிய ஆக்சஸரி கிட். எஞ்சினில் ஒரு நட்டுகூட மாறியிருக்காது. விலைப்பட்டியலில் எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக், சஸ்பென்ஷன் நான்கையும் சாதா மாடலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் மச்சானிடம் ஹோண்டா சிவிக் டைப் ஆர் இருக்கிறது. சிஓஇ (அங்கே கார் வைத்திருக்க வாங்கும் அனுமதி) பத்து வருஷம் முடியப் போகிறதாம், சும்மா போகிற விலை. கப்பலில் ஏற்றலாமா? (தேவகோட்டை)

ஏற்றாதீர்கள். பழைய வண்டி இறக்குமதிக்கு, தயாரித்த தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. பத்து வருஷ வண்டிக்கு வழியே இல்லை. மூன்று வருஷத்துக்குள் இருந்தாலும் மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ இறக்க முடியாது. சோதனை மையத்தின் சான்றும் வேண்டும். வரி, புது வண்டிக்கு உள்ளதைவிடக் கூடுதல்.

ஃபோர்டின் ஷெல்பி ஜிடி500 மஸ்டாங், நம்ம ஊர் நம்பரில் ஓட்ட ஆசை. (புதுவயல்)

ஸ்டியரிங் இடது பக்கம் மட்டும்தான் தயாரித்தார்கள். பதிவு ஆகாது.

உலகம் முழுக்க ஆயிரம் வண்டி என்கிறார்கள். நமக்கு ஒன்றாவது வராதா? (பொன்னமராவதி)

உலக எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள். கம்பெனி முதலில் நாடுவாரியாகப் பிரித்துவிடும். 2021 மஞ்சள் நிற சிவிக் டைப் ஆர் லிமிடெட் எடிஷன் மொத்தம் ஆயிரத்துச் சொச்சம். அமெரிக்காவுக்கு 600, ஜப்பானுக்கு 200, கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் நூறு நூறு, ஆஸ்திரேலியாவுக்கு 20. இந்தியாவுக்குப் பூஜ்யம். டொயோட்டாவின் ஜிஆர்எம்என் யாரிஸ் 500 வண்டி, அதுவும் ஜப்பானில் குலுக்கல் முறையில்.

இந்தியாவுக்கென்று ஒதுக்கியதை மட்டும் கணக்கில் எடுங்கள். 2016-இல் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடிஐ 99 வண்டிதான் அறிவித்தார்கள். 2020-இல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245 இருநூறு. 2025-இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ முதல் தவணை 150, விலை 53 லட்சம். அதே வருஷம் ஆக்டேவியா ஆர்எஸ் நூறு, விலை 50 லட்சம். 2025-இல் வந்த இரண்டும் வந்த வேகத்தில் முடிந்தன. 2018-இல் வந்த விதிப்படி ஒரு கம்பெனி ஆண்டுக்கு 2,500 வண்டி வரை இந்தியச் சோதனை இல்லாமலே கொண்டுவரலாம். ஐரோப்பிய அல்லது ஜப்பானியத் தரச்சான்றும் வலது ஸ்டியரிங்கும் இருந்தால் போதும். இந்த மாதிரி வண்டிகள் இப்போது வருவதற்கு அதுதான் காரணம். முன்பதிவு திறக்கும் நாளில் மதுரைக்கோ திருச்சிக்கோ நேரில் போய் நின்றால் தாமதமாகிவிடும். ஆன்லைனில் பெயர், பான் எண், பணம் மூன்றையும் தயாராக வைத்திருங்கள்.

ஹூண்டாய் 'ஐ20 என் லைன்' (N Line), வெளிநாட்டு 'ஐ20 என்' (N) இரண்டும் ஒன்றுதானே? (அரியக்குடி)

இல்லை. நம் 'என் லைன்' மாடலில் 1.0 லிட்டர் டர்போ, 120 பிஎஸ் (குதிரைத்திறன்). ஐரோப்பாவில் விற்ற 'என்' மாடலில் 1.6 லிட்டர் டர்போ, 204 பிஎஸ்.

நல்ல ஸ்பெஷல் எடிஷன் எது, விலை என்ன? உடனே பதில் போடவும். (ஊர் பெயர் இல்லை)

பட்ஜெட் எழுதவில்லை, புதுசா பழசா எழுதவில்லை, எத்தனை பேர் உட்கார வேண்டும் என்றும் எழுதவில்லை. இவற்றை எழுதி அனுப்புங்கள், பதில் தருகிறேன்.

சிறப்புப் பதிப்பு ஸ்போர்ட்ஸ் கார், இமாச்சல் பதிவு, பாதி விலைக்குத் தருகிறார் ஒரு புரோக்கர். இரண்டு நாளில் அட்வான்ஸ் கேட்கிறார். (பள்ளத்தூர்)

கொடுக்காதீர்கள். இதே கடிதம் ஊர் மட்டும் மாறி வந்துகொண்டே இருக்கிறது. நிறம் எழுதுகிறார்கள், சீட் தையல் எழுதுகிறார்கள். சேசிஸ் எண்ணை (பாடியில் அடித்த, வண்டியின் அடையாள எண்) ஒருவரும் எழுதுவதில்லை.

இந்த வியாபாரம் நடக்கும் விதம் இதுதான். வெளிநாட்டில் பழையதாக வாங்கிய வண்டியைப் பூட்டான் போன்ற எல்லை வழியாக வரி கட்டாமல் உள்ளே கொண்டுவருவார்கள். போலித் தாள் காட்டி இமாச்சலம், அருணாசலம் மாதிரி தூரத்து மாநிலத்தில் பதிவு செய்வார்கள். பிறகு என்ஓசி (வேறு மாநிலத்துக்கு மாற்ற ஆட்சேபம் இல்லை என்ற சான்று) வாங்கித் தெற்கே அனுப்புவார்கள். கையில் உண்மையான ஆர்சி இருப்பதால் வாங்குகிறவர் நம்பிவிடுகிறார். 2025 செப்டம்பரில் சுங்கத்துறை 'நும்கோர்' என்ற பெயரில் கேரளத்தில் சோதனை போட்டு முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகளை எடுத்துப் போனது. வரி கட்டாமல் வந்த வண்டி எத்தனை கை மாறினாலும் பறிமுதலுக்கு உரியதுதான். கடைசியாக யார் வீட்டு முகப்பில் நிற்கிறதோ அங்கிருந்துதான் எடுப்பார்கள். விற்றவர் அதற்குள் போன் எண்ணை மாற்றியிருப்பார்.

வளைகுடாவிலிருந்து கார்னே தாளில் (வரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுவரும் சுங்க ஆவணம்) வரும் வண்டியும் இப்படித்தான் ஏமாற்றும். அது ஆறு மாத அனுமதி; திரும்பக் கப்பல் ஏற வேண்டிய வண்டி. அதை இங்கே விற்க யாருக்கும் உரிமை இல்லை.

பார்க்க வேண்டியவை: பில் ஆஃப் என்ட்ரியின் (இறக்குமதியின்போது சுங்கத்தில் பதியும் தாள்) எண், தேதி, துறைமுகம் மூன்றையும் கேட்டு வாங்கிச் சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் சரிபாருங்கள். பழையதாக இறக்கிய வண்டிக்கு மும்பை தவிர வேறு துறைமுகம் எழுதியிருந்தால் தாள் பொய். ஆர்சியில் தயாரித்த மாதமும் முதல் பதிவுத் தேதியும் இருக்கும். வெளிநாட்டில் ஓடிய வண்டிக்கு இடைவெளி நாலைந்து வருஷம் என்றால் விட்டுவிடுங்கள். பாடியில் அடித்த சேசிஸ் எண்ணைக் கண்ணால் பாருங்கள், போட்டோ போதாது. ஜப்பான் உள்நாட்டு வண்டிக்கு 17 எழுத்து விஐஎன் (உலகப் பொது சேசிஸ் எண்) இருக்காது; மாடல் குறியீடு, ஒரு கோடு, பிறகு எண் என்று சிறியதாக இருக்கும். அப்படிப்பட்ட வண்டியை 'இந்தியாவுக்கு ஒதுக்கியது' என்று சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். கடைசியாக அந்தக் கம்பெனியின் இந்திய அலுவலகத்துக்கு எண்ணை அனுப்பி, இது உங்கள் வழியாக வந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டு நாளில் முடிகிற வேலை இல்லை. அதனால்தான் புரோக்கர் இரண்டு நாள் கெடு வைக்கிறார்.

ஆக்டேவியா ஆர்எஸ் 245 என்று விற்கிறார்கள். நிஜமா, சாதா மாடலில் ஆர்எஸ் பேட்ஜ் ஒட்டியதா? (கண்டனூர்)

ஆர்சியில் 1,984 சிசி இருக்க வேண்டும். 1,395 அல்லது 1,798 என்றால் பேட்ஜ்தான். 1,968 என்றால் டீசல். அடுத்த தலைமுறைச் சாதா ஆக்டேவியாவும் 1,984 சிசிதான் என்பதால் சிசியோடு நிறுத்தாமல் பவரையும் பாருங்கள்: ஆர்எஸ் 245-க்கு 180 கிலோவாட், அந்தச் சாதா மாடலுக்கு 140. சேசிஸ் எண் வாங்காமல் அட்வான்ஸ் வேண்டாம்.

வெளிநாட்டில் ஒரு கோடி, இங்கே மூன்று கோடி. யார் அடிக்கிற லாபம்? (வலையப்பட்டி)

பெரும்பங்கு வரி. 40,000 டாலருக்கு மேற்பட்ட முழு இறக்குமதி காருக்குச் சுங்கம் 110 சதவீதம்; ஒரு கோடி 2.10 கோடி ஆகும். அதன் மேல் ஜிஎஸ்டி 40 சதவீதம், 2.94 கோடி. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம். ஏறக்குறைய மூன்றரைக் கோடி. புதுச்சேரி முகவரி காட்டி மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வண்டி இங்கே தங்கினால் 12 மாதத்துக்குள் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும், வரியும் கட்டியாக வேண்டும்.

ஐயா வாங்கிய 1960-களின் இரண்டு சீட் வண்டி கொட்டகையில் நிற்கிறது. புரோக்கர் கேட்கிறார். (கானாடுகாத்தான்)

விற்பதற்கு முன் விண்டேஜ் பதிவு செய்யுங்கள் ஆச்சி. 50 வயது தாண்டிய வண்டிக்கு 2021 முதல் தனி விதி உண்டு. ஃபார்ம் 20 (பதிவு விண்ணப்பம்), இன்சூரன்ஸ், பழைய ஆர்சி அல்லது இறக்குமதித் தாள் வேண்டும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஆகவே மெக்கானிக் 'டீசல் எஞ்சின் போட்டால் ஓடும்' என்றால் சம்மதிக்காதீர்கள். பெட்டகத்தில் மலாயா, பர்மா காலத்துத் தாள் எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள்.

ஜிடிஐ வாங்கிவிட்டேன். நம் பக்கம் எந்தப் பெட்ரோல் போடுவது? (நாட்டரசன்கோட்டை)

95 ஆக்டேன் (நாக்கிங், அதாவது எஞ்சின் தட்டுவதைத் தடுக்கும் திறனின் அளவு) கிடைக்கும் பங்கில் தொடர்ந்து போடுங்கள். அது கிடைக்காத நாளில் அதைவிடக் குறைந்த ஆக்டேன் பெட்ரோல் அரை டேங்க் போட்டு, மெதுவாக ஓட்டி, 95 கிடைத்ததும் நிரப்புங்கள். வெயில் நேரத்தில் குறைந்த ஆக்டேன் பெட்ரோலோடு முழு ஆக்ஸிலேட்டர் மிதித்தால் நாக்கிங் வரும்; எஞ்சின் கணினி தானாகப் பவரைக் குறைத்துக்கொள்ளும்.