முன்னங்காலில் அடிபட்ட குதிரையை லாரியில் ஏற்றும் முன்

கேள்வி: தரகர் ஒருவரிடமிருந்து ஒரு பெட்டைக் குதிரையை மீட்டிருக்கிறோம். இடது முன்னங்காலில் முட்டிக்குக் கீழே வீக்கமும் ஒரு புண்ணும் இருக்கின்றன. அந்தக் காலை ஊன்றவே மாட்டேன் என்கிறது. காப்பகம் ஆறு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கிறது. மயக்க ஊசி போட்டு, தலையை இழுத்துக் கட்டி இன்றிரவே கொண்டுபோய்விடலாம், விட்டால் தனக்கு வேறு சவாரி வந்துவிடும் என்கிறார் லாரிக்காரர். ஏற்றலாமா?

பதில்: இன்றிரவு ஏற்றாதீர்கள். லாரிக்காரருக்கு வேறு சவாரி வந்தால் போகட்டும்.

குதிரைக்கு முட்டிக்குக் கீழே சதை கிடையாது. எலும்பு, தசைநாண், அதற்கு மேல் தோல், அவ்வளவுதான். அங்கே எலும்பில் விரிசல் இருந்தால் சுற்றித் தாங்கிப் பிடிக்கச் சதை இல்லை. கட்டுப் போடாமல் லாரியில் ஏற்றினால் ஒவ்வொரு பிரேக்குக்கும் குதிரை தடுமாறும், விரிசல் முறிவாகும், முறிந்த முனை உள்ளிருந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அதன் பிறகு பிழைக்க வைப்பது மிகவும் கடினம். காலை ஊன்றாத குதிரையை மருத்துவர் வந்து தொட்டுப் பார்க்கும்வரை நின்ற இடத்திலேயே நிறுத்தி வையுங்கள், முன்னால் தண்ணீரும் கொஞ்சம் காய்ந்த புல்லும் வையுங்கள். பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாக இருக்கிறதென்றால், பாவம் என்று தானியத்தை அள்ளிப் போட்டுவிடாதீர்கள், அதுவே உயிரை எடுத்துவிடும்.

இதில் ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது தெரியாமல் பலர் குதிரையையே கைவிட்டுவிடுகிறார்கள். காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மூன்று காலில் நிற்கும் எல்லாக் குதிரைக்கும் எலும்பு முறிந்திருக்கும் என்று இல்லை. குளம்புக்குள் சீழ் கட்டினாலும் அச்சு அசலாக அப்படித்தான் நிற்கும். குளம்பு கல் மாதிரி கெட்டியானது, உள்ளே சேரும் சீழ் விரிவதற்கு இடமில்லை, அதனால் வலி தாங்க முடியாது. சில சமயம் வீக்கம் காலில் மேலேறி முட்டிவரைகூட வரும். குளம்புக்குச் சற்று மேலே இருக்கும் கணுவுக்குப் பின்னால், இரண்டு பக்கமும் விரலை மெதுவாக வைத்துப் பாருங்கள். சாதாரணமாகத் தேடினால்தான் கிடைக்கும் நாடி, சீழ் இருந்தால் விரலைத் தட்டித் தட்டித் துடிக்கும். குளம்பும் மற்றதைவிடச் சூடாக இருக்கும். மருத்துவர் அடிக்குளம்பில் சின்ன வழி செய்து சீழை வெளியேற்றிவிட்டால் பல குதிரைகள் இரண்டொரு நாளில் காலை ஊன்றிவிடும், நீங்கள் பயந்த அளவுக்கு ஒன்றும் இருக்காது. ஆனால் உங்கள் குதிரைக்குப் புண்ணும் இருக்கிறது, அதனால் சீழ்தான் என்று நீங்களாக முடிவு கட்ட வேண்டாம். நாடி துடிக்கிறதா என்பதை மருத்துவரிடம் போனிலேயே சொல்லுங்கள், அவர் அதற்கான கருவிகளோடு வருவார்.

அடுத்து அந்த மயக்க ஊசி. இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பொறுமையே இருப்பதில்லை. ஓட்டுநரின் டேஷ்போர்டில் ஊசி இருந்தால் அந்த வண்டியே வேண்டாம். மூன்று காலில் நிற்கும் விலங்குக்கு மயக்கம் கொடுத்தால் மிச்சமிருக்கும் மூன்றும் தள்ளாடும். நானூறு, ஐந்நூறு கிலோ உடம்பு ஓடும் லாரிக்குள் விழுந்தால் தூக்கி நிறுத்த யாராலும் முடியாது. இப்படிச் சுற்றிவரும் மருந்துகளில் அசிப்ரோமசின் என்று ஒன்று உண்டு. அது ரத்த அழுத்தத்தை இறக்கிவிடும், ரத்தம் இழந்த குதிரை அதில் அப்படியே சரிந்துவிடலாம். வலி மருந்தும் அப்படித்தான், வலி குறைந்ததும் உடைந்த காலையே ஊன்றப் பார்க்கும். மருந்து வேண்டுமா, எது, எவ்வளவு என்பதெல்லாம் மருத்துவர் முடிவு. கொடுத்த மருந்தையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக் குதிரையோடு அனுப்புங்கள்.

சரி, எலும்பில்தான் அடி என்றே வைத்துக்கொள்வோம். அப்போது முதலில் போக வேண்டிய இடம் காப்பகம் இல்லை, குதிரைக் காலை எக்ஸ்ரே எடுக்கக்கூடிய, அருகில் உள்ள மருத்துவமனை. மருத்துவர் பஞ்சு வைத்து இறுக்கமாகச் சுற்றி, காலுக்குப் பின்புறம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாகச் சட்டம் வைத்துக் கட்டுவார். பின்புறச் சட்டம் தரையிலிருந்து முழங்கைவரை, அதாவது முட்டிக்கு மேலே கால் உடம்போடு சேரும் மூட்டுவரை வர வேண்டும். அடிபட்ட இடத்துக்கு நேரே முடிகிற சட்டம் அங்கேயே நெம்புகோலாகி எலும்பை உடைக்கும். முட்டிக்கு மேலே அடி என்றால் கட்டும் முறை வேறு, அது உங்களுக்கு இப்போது தேவையில்லை.

வண்டிக்குள் குதிரையின் முகம் பின்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். சாதாரணமாகவே குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு முன்னங்கால்களில்தான் இருக்கிறது. பிரேக் போட்டால் மொத்த உடம்பும் வண்டியின் முன்பக்கம் தள்ளப்படும். பின்னோக்கி நிறுத்தினால் அந்தச் சுமையைப் பின்னங்கால்கள் வாங்கிக்கொள்ளும். பின்னங்காலில் அடி என்றால் முகம் முன்னோக்கி. இரண்டு பக்கமும் சாய்ந்துகொள்ளத் தடுப்பும், மார்புக்கும் பின்புறத்துக்கும் குறுக்குக் கட்டையும், கீழே வழுக்காத ரப்பர் விரிப்பும் இருக்கட்டும். ஏறும் சாய்தளம் செங்குத்தாக இருக்கக் கூடாது, மேட்டோரமாக வண்டியை நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

தலையை இழுத்துக் கட்ட விடவே விடாதீர்கள். குதிரை தலையைத் தாழ்த்தித்தான் மூச்சுக்குழாயில் சேரும் சளியையும் தூசியையும் வெளியேற்றும். மணிக்கணக்கில் தலை மேலேயே இருந்தால் கிருமி நுரையீரலுக்குள் இறங்கும். இப்படி வந்த ஒரு குதிரையை நான் பார்த்தேன். காலில் இருந்தது சின்னக் காயம்தான். தாடைக்குக் கீழே கயிறு அறுத்த கோடு, இரண்டு மூக்கிலும் சளி, இரண்டாம் நாள் கடும் காய்ச்சல். காலை நாங்கள் சரிசெய்துவிட்டோம், நுரையீரலை முடியவில்லை.

அந்தக் குதிரையிடம் பயணத் தகுதிச் சான்றிதழ் இருந்தது, அதுதான் எனக்கு மனம் ஆறவே இல்லை. ஒவ்வொரு காலிலும் எடையைத் தாங்கி, உதவியில்லாமல் நிற்க முடியாத விலங்கு பயணத்துக்குத் தகுதியற்றது என்று உலக விலங்கு சுகாதார அமைப்பின் நெறிமுறையே சொல்கிறது. வழியில் சோதிப்பவர்கள் முத்திரையைப் பார்த்தார்கள், எண்ணிக்கையைப் பார்த்தார்கள். நான்கடி நடக்க வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இதை எத்தனை முறை எழுதினாலும் மாறுவதில்லை. அதனால் மருத்துவர் குதிரையை நேரில் பார்த்து எழுதிய தாளைத் தவிர வேறெதையும் நம்பாதீர்கள், தரகர் வாங்கித் தருகிறேன் என்பதை நிச்சயமாக நம்பாதீர்கள்.

கிளம்பி இருபது நிமிடத்தில் ஒருமுறை நிறுத்தி, கட்டு நழுவியிருக்கிறதா என்று பாருங்கள். இறக்கிய பிறகு மூன்று நாள் காலையும் மாலையும் காய்ச்சல் பாருங்கள், 38.5 டிகிரி செல்சியசைத் தாண்டினால் காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். அப்புறம், புண் இருப்பதால் டெட்டனஸ் ஊசியை நாளைக்கே கேட்டுப் போட்டுவிடுங்கள், குதிரையை அந்த நோய் மிக எளிதாகப் பிடிக்கும். எக்ஸ்ரே எடுத்ததும் எழுதுங்கள், காப்பகத்துக்கான ஆறு மணி நேரப் பயணத்தைப் பற்றி அப்போது பேசலாம்.