மோர்சாதம் இருக்கட்டும், முட்டைக்கு வாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது. முழங்கை மடிப்பில் கரப்பான், அடிக்கடி வயிற்றுவலி. விளம்பரம் பார்த்து, வீட்டுக்கே ஆளை வரவழைத்து உணவு ஒவ்வாமைக்கு ரத்தப் பரிசோதனை செய்தோம். அரிசி, பால், தயிர், துவரம்பருப்பு, கோதுமை, வாழைப்பழம் எல்லாம் சிவப்பில் வந்தன. ஐந்து மாதமாக அனைத்தையும் நிறுத்திவிட்டேன். எடை கூடவில்லை. நான் அலுவலகம் போனதும் மாமியார் ஒளித்து வைத்து மோர்சாதம் ஊட்டுகிறார். ஒரு வயதில் முட்டை ஊட்டியபோது உதடு வீங்கியது என்று கதை கட்டியவரும் அவர்தான். அறிக்கையில் முட்டை பச்சையில் இருப்பதால், அடுத்த வாரம் முதல் தினமும் ஒன்று கொடுக்கப்போகிறேன். மாமியாரை எப்படித் தடுப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: மாமியாரைத் தடுக்க வழி கேட்டு இந்தப் பகுதிக்குக் கடிதம் வராத வாரம் இல்லை. அது கிடக்கட்டும். போகிற போக்கில் முட்டையைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடுத்த வாரம் முட்டை கொடுக்காதீர்கள். ஒரு விள்ளல்கூட வேண்டாம்.

"கதை கட்டினார்" என்று எந்த ஆதாரத்தில் எழுதினீர்கள்? உதடு வீங்கியபோது பிள்ளை யார் மடியில் இருந்தான்? பார்த்தவர் அவர், பார்க்காதவர் நீங்கள். ஒவ்வாமை மருத்துவர் முதலில் கேட்பது அறிக்கையை அல்ல. என்ன சாப்பிட்டான், எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் தடித்தது, வாந்தி எடுத்தானா, மூச்சு இழுத்ததா, எவ்வளவு நேரத்தில் அடங்கியது என்றுதான் கேட்பார். இத்தனைக்கும் பதில் தெரிந்த ஒரே ஆள் உங்கள் வீட்டில் இருக்கிறார். அவர் வாயை அடைக்க என்னிடம் யோசனை கேட்கிறீர்கள்!

நீங்கள் அனுப்பிய நகலைப் பார்த்தேன். மேலே 'ஐஜிஜி' என்று போட்டிருக்கிறது. சாப்பிட்ட சில நிமிடங்களில் உதடு வீங்குவது, உடம்பு தடிப்பது போன்ற ஒவ்வாமைக்குக் காரணம் பெரும்பாலும் 'ஐஜிஇ' என்ற வேறொரு எதிர்ப்புப் புரதம். ஐஜிஜி, நாம் வழக்கமாகச் சாப்பிடும் உணவுக்கு எதிராக எல்லோருடைய ரத்தத்திலும் உண்டாவது. அந்த உணவு உடம்புக்குப் பழக்கம் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. உங்கள் வீட்டு மளிகைப் பட்டியலைச் சிவப்பு மையில் அச்சடித்து உங்களிடமே விற்றிருக்கிறார்கள். முட்டை பச்சையில் வந்ததற்கும் அதுதான் காரணமாக இருக்கும்: பிள்ளைதான் அதைச் சாப்பிடுவதே இல்லையே! உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இந்தப் பரிசோதனை வேண்டாம் என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் அமைப்பு 2008-லும், கனடாவின் அமைப்பு 2012-லும் சொல்லிவிட்டன. விளம்பரத்தில் அதை யார் போடுவார்கள்?

முறையான பரிசோதனை வேறு. முன்கையிலோ முதுகிலோ முட்டைச் சாறு ஒரு சொட்டு வைத்து, லேசாகக் குத்தி, 15 முதல் 20 நிமிடம் கழித்துத் தடிப்பை அளப்பார்கள். அரிப்புக்கு செட்டிரிசின் போன்ற சிரப் கொடுத்துவந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சில நாள் நிறுத்தாவிட்டால் முடிவு பொய்யாகிவிடும். ஐஜிஇ ரத்தப் பரிசோதனையும் உண்டு. இவற்றில் 'உண்டு' என்று வந்தாலும் அதுவே தீர்ப்பல்ல. நன்றாகச் சாப்பிடும் பிள்ளைக்கும் அப்படி வரும். சந்தேகம் தீராவிட்டால், மருத்துவமனையில் வைத்து, மருத்துவர் கண்ணெதிரே, சிறிது சிறிதாக ஊட்டிப் பார்ப்பார்கள். அதை உங்கள் சமையலறையில் செய்துபார்க்கக் கூடாது. மூச்சு அடைத்தால் சிரப் காப்பாற்றாது. தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து. அது கைவசம் வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கேக் சாப்பிட்டிருக்கிறானா என்பதையும் மாமியாரிடம் விசாரியுங்கள். முட்டை ஆகாத பிள்ளைகளில் பலருக்கு, மாவோடு நன்றாக வெந்த முட்டை ஒன்றும் செய்வதில்லை. மருத்துவருக்கு அது முக்கியமான தகவல். முட்டை ஒவ்வாமை பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளரப் போய்விடுகிறது.

இப்போது மோர்சாதம். அதைச் சாப்பிட்டுப் பிள்ளைக்கு ஏதாவது ஆனதா? ஆகியிருந்தால் நான்கு பக்கம் எழுதியிருப்பீர்கள். ஆகவே அது தொடரட்டும், ஆனால் எல்லோருக்கும் தெரிய. ஒளித்து ஊட்டியதில் உங்கள் மாமியாருக்கும் என் கண்டனம் உண்டு. நாளைக்குத் தடிப்பு வந்தால் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. உண்மையிலேயே நிறுத்திவிட்ட மற்றவற்றை நீங்களாகத் திரும்பத் தொடங்காதீர்கள். கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு, பழகிய உணவை மாதக்கணக்கில் நிறுத்திவிட்டு மறுபடி கொடுக்கும்போது சில சமயம் புதிதாக ஒவ்வாமை வருவது உண்டு. இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். வளரும் பிள்ளைக்கு எடை கூடாமல் இருப்பதை இனியும் தள்ளிப்போட முடியாது. கரப்பானுக்கு முதல் வைத்தியம் தோலுக்குத்தான், தட்டுக்கு அல்ல.

இரண்டு பக்கக் கடிதத்தில் உங்கள் கணவர் எங்கேயும் வரவில்லை. பிள்ளையை நாள் முழுக்கப் பார்த்துக்கொள்வது அவருடைய தாய். விடுப்பு எடுத்து உடன் வரச் சொல்லுங்கள். மாமியாரையும் அழைத்துப்போய் மருத்துவருக்கு எதிரே உட்கார வையுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். வரமாட்டேன் என்பாரானால், "கதை கட்டினார்" என்று அவர் காதுபட எத்தனை பேரிடம் சொன்னீர்கள் என்று யோசித்துப் பார்த்து, முதலில் அதற்கு மன்னிப்புக் கேளுங்கள்.