டாபிக்க மாத்தாதீங்க, கேள்விய சின்னதாக்குங்க

கேள்வி: பப்ளிக் பாலிசில மாஸ்டர்ஸ் கடைசி வருஷம். தீசிஸ் டாபிக் 'குறைந்தபட்சக் கூலியும் வறுமை ஒழிப்பும்'. மாசக்கணக்கா படிச்சுக்கிட்டே இருக்கேன், ஒரு பக்கம்கூட எழுத வரல. கைடு வேற "இதுல கேள்வி எங்கம்மா இருக்கு"ன்னு கேக்குறார். பேசாம டாபிக்கையே மாத்திடவா?

பதில்: வேண்டாம்மா, மாத்தாதீங்க. மாத்தினா புது டாபிக்கும் இதே மாதிரி பெருசாத்தான் இருக்கும், இன்னும் ரெண்டு மாசம் கழிச்சு இதே இடத்துல வந்து நிப்பீங்க. உங்க கைடு கேட்டதுதான் சரியான கேள்வி, நீங்க வச்சிருக்கிறது ஒரு தலைப்பு, அதுக்குப் பதில் சொல்ல முடியாது, அதனாலதான் எழுத வரல. உங்களுக்குத் திறமை இல்லன்னு மட்டும் நினைச்சுடாதீங்க.

உங்க சப்ஜெக்ட்லயே ஒரு உதாரணம் இருக்கு. அமெரிக்காவுல நியூ ஜெர்சி மாநிலம் 1992 ஏப்ரல் 1ல குறைந்தபட்சக் கூலிய மணிக்கு 4.25 டாலர்ல இருந்து 5.05 ஆக்குச்சு, பக்கத்து பென்சில்வேனியா ஏத்தல. டேவிட் கார்டு, ஆலன் க்ரூகர்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ரெண்டு பக்கமும் சேர்த்து 410 ஃபாஸ்ட் ஃபுட் கடைகள எடுத்துக்கிட்டு, கூலி ஏறுறதுக்கு முன்னாடி ஒரு தடவ, ஏறி சில மாசம் கழிச்சு ஒரு தடவ, எத்தன பேர் வேலை பாக்குறாங்கன்னு கேட்டாங்க. கூலி ஏறினதால நியூ ஜெர்சில வேலை குறைஞ்சதுக்கு ஆதாரம் இல்லன்னு 1994ல எழுதினாங்க. அத எதிர்த்து நியூமார்க், வாஷர்னு வேற ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் கடைகளோட சம்பளப் பதிவேட்ட வச்சு வேற முடிவு சொன்னாங்க, அந்தச் சண்ட ரொம்ப நாள் ஓடுச்சு. நீங்க கவனிக்க வேண்டியது அவங்க கேள்விய எவ்ளோ சின்னதா வச்சாங்கங்கறத. ஒரு சட்டம், ஒரு தேதி, ஒரே வகைக் கடை, ஒப்பிட ஒரு பக்கத்து மாநிலம், அவ்ளோதான். வறுமை ஒழிப்பப் பத்தி அவங்க பேசவே இல்ல, ஆனா கூலி கூடினா வேலை போயிடும்னு பொதுவா நம்பிக்கிட்டு இருந்தத அந்தச் சின்னக் கேள்வி ஆட்டிடுச்சு.

இப்ப உங்க கேள்விய ஒரே வரில எழுதிப் பாருங்க. எந்த விதி, எங்க, எப்ப மாறுச்சு, யாருக்கு என்ன ஆச்சு, எதோட ஒப்பிடுறீங்க. இதுல ஒண்ணு காலியா இருந்தாலும் கேள்வி இன்னும் முடியலன்னு அர்த்தம். அதுக்கான டேட்டா கையில கிடைக்குமான்னு பாத்துட்டுதான் கேள்விய முடிவு பண்ணணும், நிறைய பேர் கேள்விய முதல்ல பிடிச்சுக்கிட்டு அப்புறம் டேட்டா தேடி அலையுறாங்க. ஒப்பிட ஒண்ணுமே கிடைக்கலன்னா கவலப்படாதீங்க, சட்டம் போட்டும் கூலி ஏன் கைக்கு வந்து சேரலன்னு கேளுங்க, லேபர் இன்ஸ்பெக்டர், முதலாளி, தொழிலாளி மூணு தரப்புலயும் பேட்டி எடுத்தா அதுவே நல்ல தீசிஸ். ஆனா பேட்டின்னா பெரும்பாலும் எதிக்ஸ் கமிட்டி (ஆய்வுல கலந்துக்கிறவங்களுக்குப் பாதிப்பு வராம பாக்குற குழு) அனுமதி வாங்க வேண்டியிருக்கும், அது வாரக்கணக்குல இழுக்கலாம், விண்ணப்பத்த இப்பவே போட்டுடுங்க.

லிட்டரேச்சர் ரிவ்யூவ, அதாவது இதுவரைக்கும் வந்த ஆய்வுகளப் பத்தின பகுதிய, இன்னார் இன்னது சொன்னார்னு வரிசையா அடுக்காம, எந்த இடத்துல ஆய்வாளர்கள் ஒத்துப்போகலன்னு பாத்துப் பிரிச்சு எழுதுங்க. மெத்தட் சாப்டர முதல்ல எழுதுங்க, அறிமுகத்த கடைசில பாத்துக்கலாம்.

கடைசி சாப்டர்ல கொஞ்சம் கவனமா இருங்க, எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கிறது அங்கதான். நூறு பக்கம் கஷ்டப்பட்டு எழுதிட்டு "அரசு விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்"னு முடிச்சுடுறாங்க. எந்த அலுவலகம் செய்யணும், இருக்கிற சட்டத்துலயே முடியுமா இல்ல திருத்தணுமா, செலவு யாரோடது, இதனால யாருக்கு நஷ்டம், அவங்க எப்படித் தடுப்பாங்க, இவ்ளோவும் எழுதினாதான் அது பரிந்துரை. உங்க டேட்டா தாங்காத பரிந்துரை எவ்ளோ நல்லதா இருந்தாலும் எடுத்துடுங்க, வைவால, அதாவது தீசிஸ் பத்தின வாய்மொழித் தேர்வுல, முதல்ல அதத்தான் கேப்பாங்க.

இந்த வாரம் புதுசா எதுவும் படிக்க வேண்டாம். அந்த ஒரு வரிய மூணு விதமா எழுதி, ஒவ்வொண்ணுக்கும் டேட்டா எங்க இருக்குன்னு கீழ குறிச்சு, கைடுக்கு அனுப்புங்க.