மலைப்பயணத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போடாதீர்கள்

கேள்வி: பணி ஓய்வு பெற்றுவிட்டேன். பழைய நண்பர்கள் மூன்று பேர் மலைப்பகுதியில் வெவ்வேறு சிறிய ஊர்களில் இருக்கிறார்கள். நானும் மனைவியும் காரிலேயே போய் எல்லோரையும் பார்த்துவர ஐந்து நாள் திட்டம் போட்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டர். சமவெளியில் ஓட்டி நல்ல பழக்கம், மலையில் ஓட்டியதில்லை. மனைவிக்கு வளைவுச் சாலையில் வாந்தி வரும். என்னென்ன கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் அந்த 250-ஐ பாதியாகக் குறையுங்கள். கொண்டை ஊசி வளைவுகள் அடுத்தடுத்து வரும் சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் என்பதே நல்ல வேகம். முன்னால் ஒரு லாரி ஏறிக்கொண்டிருந்தால் அதுவும் கிடைக்காது. 250 கிலோமீட்டர் என்றால் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க வேண்டும். முதல்முறை போகிறவருக்கு நாளுக்கு நான்கைந்து மணி நேரம் போதும். இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும்.

இருட்டில் ஓட்டும் நிலைமை பெரும்பாலும் சாலையால் வருவதில்லை, நண்பர் வீட்டில்தான் உருவாகிறது. "இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போடா" என்று பிடித்து வைப்பார். உங்களுக்கும் எழுந்திருக்க மனம் வராது. பல வருடம் கழித்துப் பார்க்கிறீர்கள், வேறு எப்படி இருக்கும்? அதனால் ஒரே நாளில் இரண்டு வீடு வேண்டாம். எங்கே போனாலும் அங்கேயே தங்கி, மறுநாள் காலையில் கிளம்புங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர்களுக்கும் வசதி. அதே போனில், வழியில் எங்கே மண் சரிந்திருக்கிறது, எந்த நேரத்தில் மூடுபனி இறங்கும், கடைசி பெட்ரோல் பங்க் எது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கேயே இருப்பவருக்குத் தெரிவது எந்த வரைபடத்திலும் இருக்காது.

இனி வண்டி. ஏறுவதைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆபத்து இறக்கத்தில் இருக்கிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கும் அதை அழுத்திப் பிடிக்கும் பேடும் சூடேறி, பிடிப்பு குறையும். சூடு பிரேக் ஆயிலுக்குப் போய் அது கொதித்தால், குழாயில் ஆவி சேரும். அப்போது மிதி மெத்தென்று உள்ளே போகும், வண்டி நிற்காது. பிரேக் ஆயில் காலப்போக்கில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 (DOT 4) என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் சேர்ந்தபின் அது 155 வரை இறங்கிவிடலாம். மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள்.

ஏற எந்த கியர் தேவையோ, இறங்கவும் கிட்டத்தட்ட அதே கியர். அதையும் இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள். இன்ஜின் உறுமும், பயப்படாதீர்கள். வண்டியை இழுத்துப் பிடிப்பது அந்த உறுமல்தான். வேகம் கூடினால் சில விநாடி அழுத்தமாக பிரேக் பிடித்து, வேகத்தைக் குறைத்து, காலை எடுத்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் எல் (L, அதாவது தாழ்ந்த கியர்) அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றுங்கள். உங்களுடையது மின்சார காராக இருந்தால் ஒரு விஷயம்: மலை உச்சியில் உள்ள நண்பர் வீட்டில் பேட்டரியை முழுதாக நிரப்பாதீர்கள். இறங்கும்போது மோட்டார் மின்சாரம் தயாரித்துப் பேட்டரிக்கு அனுப்பியபடிதான் வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. நிறைந்த பேட்டரியில் அந்த மின்சாரம் சேர இடமில்லாததால், மோட்டார் தரும் பிடிப்பு வெகுவாகக் குறையும். எந்த வண்டியானாலும் எரிபொருள் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டவே கூடாது. கருகிய வாடை வந்தால் அகலமான இடத்தில் ஒதுக்கி, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் விரிசல் விடலாம்.

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், உங்கள் பக்கத்தை விட்டு வெளியே போகாதீர்கள். எதிரே தெரியாத இடத்தில் ஹாரன் அடியுங்கள். குறுகிய இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள். ஏற்றத்தில் நின்றால் மறுபடி எடுப்பது அவருக்குத்தான் கஷ்டம். மூடுபனியில் லோ பீம் மட்டும். ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணையே மறைக்கும்.

மனைவி முன் சீட்டில் உட்கார்ந்து, தூரத்துச் சாலையைப் பார்த்துக்கொண்டு வரட்டும். போன் வேண்டாம். மருத்துவரிடம் கேட்டு, வாந்தி மாத்திரையைக் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ளலாம். தூக்கம் வரும் மருந்து அது, ஓட்டுகிற நீங்கள் தொடக்கூடாது. 2,500 மீட்டருக்கு மேல் உள்ள ஊரில் தலைவலியும் குமட்டலும் வந்தால் வயிற்றுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள், உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். அதற்கு மேல் ஏறாதீர்கள், கூடினால் உடனே கீழே இறங்குங்கள். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி குளிர் கூடும், அதற்கேற்ற துணியும் வேண்டும்.

அப்புறம், மூவரில் தாழ்வான ஊரில் இருப்பவரை முதலில் பாருங்கள். அவர் அங்கே கார் ஓட்டுகிறவர் என்றால், ஒரு காலைப் பொழுது பக்கத்தில் உட்காரச் சொல்லி ஓர் இறக்கத்தை ஓட்டிப் பழகிவிட்டு, அதன்பின் அடுத்த ஊருக்குக் கிளம்புங்கள்.