உப்புக்காற்றும் பட்டுச்சேலையும்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “என் கல்யாணப் பட்டுச்சேலையை நாலு தடவைதான் கட்டியிருப்பேன். கடையில் கொடுத்த பாலித்தீன் கவரிலேயே பீரோவில் வைத்திருந்தேன். இப்போது பார்டர் கறுத்து, மடிப்பில் பச்சையாகப் படிந்திருக்கிறது. தை மாதம் தங்கச்சி கல்யாணம். புதுச்சேலையை எதைப் பார்த்து எடுப்பது?”

அந்தப் பச்சை, செம்புக் குடத்தில் ஏறுகிற அதே களிம்புதான். அநேகமாக உங்களுடையது செம்புக் கம்பிக்கு வெள்ளி முலாம் பூசிய ‘டெஸ்டட்’ ஜரிகை. உப்பும் ஈரமும் சேர்ந்தால் செம்பு தாங்காது. கட்டிய அன்றைய வியர்வையையும் கவருக்குள் பூட்டிவிட்டீர்கள்.

சில்க் மார்க் முத்திரை இருந்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பட்டுக்கு மட்டும்தான் சான்று, ஜரிகைக்கு இல்லை. காஞ்சிபுரத்து அசல் ஜரிகையிலேயே வெள்ளி சுமார் 40 சதவீதம், தங்கம் அரை சதவீதம்தான். மீதி செம்பும் பட்டு இழையும். அந்த அளவைப் பில்லில் எழுதிக் கேளுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் எடுக்க வேண்டாம். முந்தியின் உள்பக்கம் தொங்கும் ஜரிகை இழை ஒன்றை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். அசலில் உலோகம் உரிந்து சிவப்புப் பட்டு இழை தெரியும். வெறும் பிளாஸ்டிக் ஜரிகை என்றால் தீயில் காட்டியதும் சுருண்டு உருகும். சிவப்புச் சாயம் ஏற்றிய போலிகளும் வருவதால் சுரண்டலை மட்டும் நம்ப முடியாது, பில்லும் வேண்டும்.

அசல் கைக்கு எட்டவில்லையா? அரைகுறை ஜரிகைக்குப் பணம் கொட்டுவதைவிட, நம் மாவட்டத்துப் பரமக்குடி, எமனேஸ்வரம் தறியில் நெய்த பட்டுக்காட்டனை நூல் பார்டரோடு எடுங்கள் என்பேன். கறுக்க அதில் ஒன்றுமில்லை. அடர் நிறத்தில் எடுத்து எதிர்நிற ரவிக்கை போட்டால் கல்யாண வீட்டிலும் எடுப்பாகவே இருக்கும். கடற்காற்று அடிக்கும் கல்யாண மண்டபம் என்றால் முந்தியை ஒற்றையாக விடாமல் மடிப்பு வைத்துக் குத்துங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஊக்கைக் கழற்றுங்கள். இந்த ஊரில் ஒரு வாரம் மறந்தால் துருக்கறை நிச்சயம், துருக்கறை பட்டில் லேசில் போகாது.

கட்டிய சேலையை மொட்டை மாடியில் காயப்போடுகிறார்கள். காற்று வாங்குவதாக நினைப்பு, வாங்குவது உப்பை. அறைக்குள் ஃபேனடியில் ஓர் இரவு கிடந்தால் போதும். பிறகு பழைய, நன்றாக அலசிய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரம் போனதும் ஒருமுறை, அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். பாச்சை உருண்டை ஜரிகையில் படக்கூடாது. துணிப்பையில் கட்டிய கிராம்பு போதும். பக்கத்தில் கருவாடு காய்ந்தால் அந்தப் பக்க ஜன்னலைச் சாத்திவையுங்கள். மீன் அழுகும் வாடையில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். போர் தண்ணீரில் அலசவே வேண்டாம், டிரைவாஷ்தான்.

கறுத்த பார்டரில் புளியோ எலுமிச்சையோ பற்பசையோ தேய்க்காதீர்கள்; சாயம் இறங்கி சேலையின் உடல் பகுதியும் கெட்டுப்போகும். உடல் நன்றாக இருந்தால் பார்டரைப் பிரித்து வேறு பார்டர் வைத்துத் தைக்கலாம். அதற்கும் மனமில்லை என்றால் வீட்டுச் சிறுமிக்கு ஒரு பாவாடைக்குத் தாராளமாகத் துணி தேறும்.