கலவரம் வந்தால் கலெக்டரே ராணுவத்தை அழைக்க முடியுமா, டெல்லி அனுமதி வேண்டுமா?

முடியும். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் உங்கள் ஊரில் ஏதோ பதற்றம், 'ராணுவம் இறங்கப்போகிறது' என்று வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றுகிறது போலிருக்கிறது. அதனால் சட்டம் சொல்வதை வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

2024 ஜூலை 1 முதல் இதற்கான சட்டம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 148 முதல் 151 வரை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 129 முதல் 132 வரை இருந்தவைதான் இவை. ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் கூடி அமைதிக்குப் பங்கம் வரும் நிலை என்றால், முதலில் 148-இன்படி கலைந்து போகச் சொல்ல வேண்டும். இதை செயல்துறை நடுவர் (எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்; கலெக்டர், கோட்டாட்சியர், தாசில்தார் போன்றவர்கள்) சொல்லலாம், காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியும் சொல்லலாம். போலீஸால் கலைக்க முடியவில்லை, பொதுப் பாதுகாப்புக்குக் கலைத்தே ஆக வேண்டும் என்றால்தான் 149, அதாவது ஆயுதப் படையைக் கொண்டு கலைப்பது. எடுத்த எடுப்பில் 149-க்குத் தாவ முடியாது.

இங்கேதான் பலரும் கவனிக்காத மாற்றம் ஒன்று இருக்கிறது. பழைய சட்டத்தில், சம்பவ இடத்தில் இருக்கும் நடுவர்களில் பதவியில் மூத்தவர் யாரோ அவரே படையைப் பயன்படுத்தலாம். தாசில்தார் மட்டும் இருந்தால் தாசில்தார். இப்போது மாவட்ட நடுவர், அதாவது கலெக்டர், அல்லது அவரால் அங்கீகரிக்கப்பட்ட செயல்துறை நடுவர் அங்கே இருக்க வேண்டும். கலெக்டர் முன்கூட்டியே கோட்டாட்சியர், தாசில்தார்களுக்கு எழுத்தில் அங்கீகாரம் கொடுத்து வைக்காவிட்டால், நள்ளிரவில் ஐந்து இடங்களில் தீ எரியும்போது நான்கு இடங்களில் நிற்கும் படைக்குச் சட்டப்படி ஆணையிட ஆளிருக்காது. ராணுவம் வந்தும் பயனில்லை என்ற புகாரில் கணிசமான பங்கு இதுதான்: வண்டி வந்துவிடும், நடுவர் வந்திருக்க மாட்டார், ஊர் வழி தெரிந்த போலீஸ்காரரும் இருக்க மாட்டார்.

நடுவரின் வேலை 'கலைத்துத் தாருங்கள்' என்று கோருவது. எப்படிக் கலைப்பது என்பது படை அதிகாரியின் முடிவு. 'சுடு' என்று தாசில்தார் சிப்பாய்க்கு உத்தரவிட முடியாது. ராணுவத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். அதே பிரிவின் அடுத்த வரியைப் படியுங்கள்: கூட்டத்தைக் கலைக்கத் தேவையான அளவுக்கு மிகக் குறைந்த பலம், மிகக் குறைந்த சேதம். அதனால்தான் கோரிக்கையை எழுத்தில் வாங்குவது, உள்ளூர் மொழியில் ஒலிபெருக்கி எச்சரிக்கை, நடப்பதை வீடியோ எடுப்பது எல்லாம். சுட வேண்டி வந்தால் தலைக்கு மேலோ வானத்திலோ சுடக்கூடாது. அந்தக் குண்டு எங்கோ மொட்டை மாடியில் நிற்பவர் மேல் போய் விழும். தாழ்வாக, குறிவைத்து, எண்ணி எண்ணிச் சுட வேண்டும். கூட்டம் கலையத் தொடங்கிய நொடியில் நிறுத்தி, காயம்பட்டவருக்கு முதலுதவி செய்ய வேண்டும்.

நடுவரைத் தொடர்புகொள்ளவே முடியாத நிலையில், ஆபத்து கண்கூடாகத் தெரிந்தால், 150-இன்படி படை அதிகாரி தானே செயல்படலாம். தொடர்பு கிடைத்ததும் தொடர்வதா நிறுத்துவதா என்பதில் நடுவர் சொல்வதே சட்டம். நல்லெண்ணத்தில் செயல்பட்ட படையினர் மீது வழக்குத் தொடர மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்கிறது 151.

'மாநில உரிமை எங்கே' என்று பின்னூட்டம் வரும் முன்பே சொல்கிறேன். பொது ஒழுங்கு அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றியத்தின் படைகளை அதற்குப் பயன்படுத்துவதை அந்தப் பதிவே விலக்கிவைக்கிறது. 42-ஆவது திருத்தம் அதை ஒன்றியப் பட்டியலில் 2ஏ என்று தனியாகவே சேர்த்தது. படை உதவிக்கு வந்தாலும் அதன் தலைமை ஒன்றியத்திடமே இருக்கும்.

இன்னொன்று மனதை உறுத்துகிறது. நீல நிறப் புள்ளிச் சீருடையில் விரைவு அதிரடிப் படை வந்து இறங்கினால் நம் தொலைக்காட்சிகள் 'ராணுவம் குவிப்பு' என்று ஓட்டுகின்றன. அது சிஆர்பிஎஃப் எனும் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் பிரிவு, உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருப்பது. 149-இல் வரும் 'ஆயுதப் படைகள்' என்பதற்குள் அதுவும் அடங்கும் என்பது உண்மை. ஆனால் ராணுவம் வந்துவிட்டது என்று கேட்டதும் கடையடைத்து ஓடும் மக்களுக்கு அந்தச் செய்தி செய்வது பெரிய தீங்கு.

வடகிழக்கு மாநிலங்களிலும் காஷ்மீரிலும் நடப்பதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே 'கலவரப் பகுதி' என்று அறிவித்தபின் ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டங்கள் வருகின்றன. நடுவர் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை, பிடியாணை இல்லாமல் சோதனையும் போடலாம். 1997-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு 1958-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லும் என்றது. கூடவே, அந்த அறிவிப்பை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் சொன்னது. 149-இல் அந்த அளவு அதிகாரம் கிடையாது: கூட்டத்தைக் கலைப்பது, அதில் இருந்தவர்களைப் பிடித்து வைப்பது, அவ்வளவுதான். வீடு வீடாகச் சோதனை போட அதில் இடமில்லை.

உங்கள் மாவட்டத்தில் 149-இன்கீழ் அங்கீகார ஆணை பிறப்பிக்கப்பட்டிருக்கிறதா என்பதைத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் கலெக்டர் அலுவலகத்துக்கு மனுப் போட்டுக் கேளுங்கள். பதற்றம் இல்லாத நாளிலேயே கேட்டுவிடுங்கள்.