டப்பாவுல போட்டுட்டு வந்தா பார்சல் போய் சேருமாங்க?

கேள்வி: வணக்கமுங்க. நான் அவினாசி பக்கம், வீட்டுலயே குழந்தைங்க துணி தெச்சு ஆர்டர் வந்தா அனுப்பறேன், வாரத்துக்கு ஏழெட்டு பார்சல் ஆகும். இங்க ஒரு காம்ப்ளெக்ஸ்ல கூரியர்காரங்க டப்பா வெச்சுருக்காங்க, ஆப்புல பணம் கட்டி லேபிள் ஒட்டி உள்ள போட்டா போதுமாம். நியூஜெர்சில இருக்கற எங்க நாத்தனார் மக, "இங்கெல்லாம் இப்படித்தான் அத்தை, பயப்படாதீங்க"ங்கறா. நம்பி போடலாமுங்களா?

பதில்: துணிய போடுங்க அம்மிணி, பத்திரத்த போடாதீங்க. ஏன்னு சொல்றனுங்க. கவுண்டர்ல குடுத்தா எடை போட்டு ஸ்கேன் பண்ணி ரசீது கைல குடுத்தர்றாங்க, அப்ப இருந்து அது அவங்க பொறுப்பு. டப்பாவுல போட்டா பையன் வந்து பூட்டத் தெறந்து எடுத்து ஸ்கேன் பண்ற வரைக்கும் ட்ராக்கிங்ல லேபிள் ரெடின்னு மட்டும்தான் காட்டும், பணம் கட்டுனதுக்கு ஆதாரம் இருக்கு, பார்சல குடுத்ததுக்கு இல்ல. அமெரிக்காவுல ஃபெடெக்ஸ், யூபிஎஸ்ங்கற கூரியர் கம்பெனிங்க பொட்டியிலயும் இதே கததான், அங்கயும் ஸ்கேன் ஆனாத்தான் கணக்கு, என்ன, பொட்டி மேல கடைசியா எத்தன மணிக்கு எடுப்பாங்கன்னு எழுதியிருக்கும்.

எனக்கே பட்டுருக்குதுங்க. ஈரோட்டுல ஒரு சனிக்கிழம சாயந்தரம் தங்கச்சி பையனோட சர்ட்டிபிகேட் கவர ஒரு டப்பாவுல போட்டேன், 4 மணிக்கு எடுப்போம்னு எழுதியிருந்தத போட்டதுக்கு அப்பறம்தான் பாத்தேன், அப்ப மணி அஞ்சரை. திங்கக்கிழம பூரா ட்ராக்கிங் அசையல. செவ்வாய்க்கிழம நேர்ல போனா எடுக்கற பையன் லீவாம். தெறந்து பாத்தா யாரோ போட்ட பெரிய பார்சல் ஒண்ணு வாய்க்கிட்ட குறுக்க சிக்கி நிக்குது, அது மேல நம்ம கவர், வெளிய இருந்து ரெண்டு வெரல விட்டாலே எடுத்தரலாம், மழைத்தண்ணி எறங்கி ஒரு மூல ஊறிப்போயிருந்துச்சு. உள்ள இருந்தது ஒரிஜினல் மார்க் ஷீட்டுங்க, அன்னிக்கு எனக்கு கை நடுங்குனது இன்னும் மறக்கல.

அதனால கடைக்குள்ள ஆள் பார்வையில இருக்கற டப்பாவா பாருங்க, ரோட்டோரம் வேண்டாம். எடுக்கற நேரத்துக்கு கொஞ்சம் முன்னாடி போடுங்க, சனிக்கிழம சாயந்தரம் போட்டா ஞாயிறு பூரா அதுலயேதான் கெடக்கும். போடறப்ப லேபிள் நம்பரும் டப்பாவும் ஒண்ணா தெரியற மாதிரி போட்டோ எடுங்க, பார்சல் உள்ள உழுந்துதான்னு சத்தம் கேட்டுட்டு நகருங்க. உள்ளயும் ஒரு சீட்டுல அட்ரஸ் எழுதி வெச்சருங்க, லேபிள் பிஞ்சாலும் திரும்பி வரும். வாரத்துக்கு ஏழெட்டுன்னா வீட்டுக்கே வந்து எடுக்கறாங்களான்னு கேட்டுப் பாருங்க, டப்பாவ விட அது நெம்ப நிம்மதி.

பேங்க் செக் பொட்டியயே எடுத்துக்கங்க, கவுண்டர்ல குடுத்தும் ரசீது வாங்கிக்கலாம்னு அந்தப் பொட்டி மேலயே எழுதி வெக்கணும்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்குது. பொட்டி இருக்குதுன்னு நம்மள கவுண்டர்ல இருந்து தொரத்தக் கூடாதுன்னுதான் அது, கூரியர்லயும் நீங்க அப்படியே கேளுங்க. பார்சல் தொலஞ்சு பதிலே வரலைன்னா 1915க்கு போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண். நுகர்வோர் ஆணையத்துக்கு போறதுன்னா 2 வருஷத்துக்குள்ள போகணும், அங்க மொதல்ல கேக்கறதே ரசீதத்தானுங்க.

கேள்வி: செவப்பு தபால் பொட்டியில ஸ்டாம்ப் ஒட்டி சின்ன பார்சல் போட்டரலாமுங்களா? (கோபி வாசகர்)

பதில்: வேண்டாமுங்க, அது கடுதாசிக்கு. ரசீதும் இல்ல, ட்ராக்கிங்கும் இல்ல. போஸ்ட் ஆபீஸ் கவுண்டர்ல ஸ்பீடு போஸ்ட்ல குடுத்தருங்க, 2025 செப்டம்பர் 1ல இருந்து பழைய ரிஜிஸ்டர் தபாலும் அதுகூடவே சேந்துருச்சு. ரசீதுல எழுத்தும் எண்ணுமா 13 இருக்கும், அத அங்கயே நின்னு போன்ல போட்டோ புடிச்சுட்டு வாங்க, அந்த மை கொஞ்ச நாள்லயே மங்கிப் போயிருதுங்க.